இரண்டாவது கியர்

மூன்று பட்டறைகள் ஏறி இறங்கிவிட்டு
நாலாவதாக என்னிடம் வந்தார் அவ்தாந்தில்.
ருஸ்தாவி கார்ச்சந்தையின் கடைசி வரிசை.
என் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
பழைய பென்ஸ், வெள்ளிநிறம்;
இடப்பக்கக் கதவு மட்டும்
வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்த நீலம்.

"ஊருக்குள் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.
குதவுரி ஏற்றத்தில், பாதியில்,
முதுகில் ஓர் உதை.
அப்புறம் இரண்டாவது கியரைவிட்டு நகராது.
அணைத்து, பத்து எண்ணி, மறுபடி கிளப்பினால்
ஒன்றுமே நடக்காத மாதிரி."
பின்சீட்டில் போலந்துக்காரர்கள்
பனியைப் படமெடுத்துக்கொண்டிருக்க
முனகிக்கொண்டே போனாராம் கணவாய்வரை,
முந்திப்போன டிராக்டருக்குக் கையசைத்தபடி.

கியர்பெட்டி செத்துவிட்டது என்றானாம் முதலாமவன்.
இரண்டாமவனும் அதையே, விலை மட்டும் கூட்டி.
மூன்றாமவன் அடியில் படுத்து
உள்ளிருந்த சென்சார் தகட்டை மாற்றி
புது எண்ணெய் ஊற்றி
காசை வாங்கி மடித்து வைத்தபிறகு சொன்னான்:
பெட்டி செத்துவிட்டது.

நான் பெட்டியைத் தொடவில்லை.
ஸ்கேனரைச் செருகிக் கேட்டேன்.
வேகம் சொல்லும் சென்சாரைக் காணோம் என்றது.
எங்கே வலிக்கிறதென்று அதற்குத் தெரியும்.
முள் எங்கே என்று
நாம்தான் தடவிப் பார்க்கவேண்டும்.

மீட்டரின் முனைகளை வைத்தேன்.
ஆறு வோல்ட். சுத்தமான ஆறு.
"சரியாக இருக்கிறதே" என்றார்,
நான்தான் சரியாக்கிக் கெடுத்துவிட்டதுபோல.
இருக்கும். வண்டி குளிர்ந்திருக்கிறது.
இஞ்சினை ஓடவிட்டு ரொட்டி வாங்கப் போனேன்.
சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றித் தின்றபடி
திரும்பி வந்து பார்த்தால்
ஐந்து புள்ளி எட்டு.
ஐந்து புள்ளி ஒன்று.
மூன்று.
பிறகு சட்டென்று ஆறு, விரைப்பாக,
வாத்தியார் திரும்பிப் பார்த்த வகுப்பு.

ஒயர்க் கற்றையைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன்.
கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் மூலையில்,
மழையும் புகாத கறுப்பு டப்பா.
பெட்டியை ஆளும் கம்ப்யூட்டர் குடியிருக்கும் இடம்.
நாலு திருகாணி. செருகியை இழுத்தேன்.
கட்டைவிரல் நகத்தில் வந்து நின்றது
சிவப்பாக ஒரு துளி.

கியர் எண்ணெய்!
பெட்டி என் முழங்காலுக்குக் கீழே,
இது என் மார்புயரத்தில்.
தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை,
ஒயரின் வெளித்தோலில் ஈரம் இல்லை.

கீழே, பெட்டிக்குள் ஒயர் நுழையும் வாயில்
இரண்டு ரப்பர் வளையங்கள்
பதினெட்டு வருடச் சூட்டில் ஓடாகியிருந்தன.
அந்த இடுக்கில் நுழைந்து
செம்பு இழைகளின் இடைவெளிகளில்
உறைக்குள்ளேயே, திரியில் ஏறுவதுபோல,
எள்ளளவு எள்ளளவாக
மேலே வந்திருக்கிறது.
பல்சக்கரங்கள் உதிர்த்த இரும்புத்தூளையும்
கூடவே சுமந்து வந்து
இரண்டு பின்களுக்கு நடுவே பாலம் போட்டிருக்கிறது.
சூடேறும்போது பாலம் திறக்கும்.
மின்சாரத்துக்குக் குறுக்குவழி என்றால் கேட்கவா வேண்டும்.

புதுச் செருகி, புது வளையங்கள்.
மேல்முனையை அன்றிரவு
ஒரு மீன் டப்பாவுக்குள் தொங்கவிட்டுப் போனேன்.
காலையில் பதினொரு சொட்டு.
எண்ணினேன்.

"இன்னும் கொஞ்சம் ஏறிவரும்,
மாதம் ஒருமுறை வந்தால் துடைத்துவிடுகிறேன். எண்பது."
"ரப்பருக்கா?"
புதுப் பெட்டிக்கென்று இரண்டாயிரம் எண்ணி வைத்த உறை
சட்டைப்பையில் புடைத்துத் தெரிந்தது.
எழுபதுக்கு இறங்கினேன்.
ஏன் இறங்கினேன் என்று சாயங்காலம்வரை
என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கிளம்பியபோது வாசலில் நின்று கேட்டேன்.
ஒன்று. இரண்டு.
குறுக்கே ஒரு நாய்; வேகம் குறைந்தது.
மறுபடி ஒன்று, இரண்டு,
அதற்குள் எதிர்க்கடைக்காரன்
எவனுக்கோ ஹாரனை அடித்துக் காட்டத் தொடங்கிவிட்டான்.

வியாழன் இரவு கணவாயிலிருந்து போன்.
காற்று இரைந்தது; பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"நெஸ்தான்" என்றார்,
"ஹீட்டர் வேலை செய்யவில்லை."