சத்தம் பிறக்கும் இடம்

இரண்டு வருடம் முழங்காலுக்குத்தான்
தைலம் பூசினேன்.
கம்பளிக் கால்சட்டையையும் மீறி
கற்பூர வாசம் பணிமனை வரை கூடவே வரும்.
"உர்வே வருகிறாள், மூக்கைப் பிடி"
என்று பையன்கள் சிரிப்பார்கள்.
நானும் சிரிப்பேன்,
டிராமுக்கு அடியில் இறங்கும் ஆறு படிகளை
மனசுக்குள் எண்ணிக்கொண்டே.

தாலின் நகரத்து டிராம்கள்
முப்பத்தோரு வருடம்
என் தலைக்கு மேலே வயிறு காட்டி நின்றவை.
ஓட்டுநர் சொல்வார்: பின்பெட்டியில் கிரீச்சிடுகிறது.
நான் முன்பெட்டிக்கடியில் போய் நிற்பேன்.
இரும்பில் சத்தம் பிறக்கும் இடம் வேறு,
கேட்கும் இடம் வேறு.
இதைத் தெரிந்தவள்தான்
முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் கவுப்போ கூச்ச சுபாவம்.
முழங்காலை அவர் பொருட்படுத்தவே இல்லை.
மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி,
பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளினார்,
அவ்வளவுதான்.
கவட்டுக்குள் ஆணி இறங்கியது.
எங்கே என்றார்.
கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால்,
வலது இடுப்பைக் குறடுபோலக் கவ்விக் காட்டினேன்.
"இந்த மூட்டு கெட்டவர்கள் நிறையப் பேர்
இப்படித்தான் பிடிக்கிறார்கள்" என்றார்.

எக்ஸ்ரேயில் இரண்டு பந்துகள், இரண்டு கிண்ணங்கள்.
இடப்பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில்
மெல்லிய கறுப்புப் பிறை.
வலப்பக்கம் பிறையே இல்லை.
"அந்தக் கறுப்புதான் குருத்தெலும்பு.
படத்தில் அது விழாது.
வெறும் இடைவெளியாகத்தான் தெரியும்."
நான் வெகுநேரம்
அந்த வெற்றிடத்தையே பார்த்தேன்.

எடுத்த எடுப்பில் கத்தி இல்லை.
எடையில் எட்டுக் கிலோ குறை என்றார்கள், ஐந்து குறைந்தது.
ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி
பக்கவாட்டில் நண்டுநடை.
ஊன்றுகோல் இடக்கையில்.
வலிப்பது வலப்பக்கம், நான் சண்டை போட்டேன்.
மறுபக்கம் ஊன்றினால்தான்
இந்தப் பக்கத்துப் பாரம் இறங்குமாம்.
நெம்புகோல் கணக்கு. வாயை மூடிக்கொண்டேன்.
ஸ்டீராய்டு ஊசி கொடுத்தது பத்து வாரம்.
கடன் வாங்கிய பத்து வாரம்.
பிறகு காத்திருப்போர் பட்டியல், பதினொரு மாதம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
என் வலது பூட்ஸின் கயிற்றை
இன்ட்ரெக்தான் கட்டினான். இருபத்துநான்கு வயசு.
ஒன்றும் கேட்கவில்லை.
முதல் நாள் குனிய முயன்று நிமிர்ந்தேன், பார்த்துவிட்டான்.
மறுநாளிலிருந்து மண்டியிட்டு,
முந்தின ராத்திரி கூடைப்பந்து ஆட்டத்தைத் திட்டிக்கொண்டே
இரட்டை முடிச்சுப் போடுவான்.
என் முகத்தைப் பார்க்க மாட்டான்.
அதற்கு எப்படி நன்றி சொல்வது,
இன்றுவரை தெரியவில்லை.

முதுகுத்தண்டில் ஊசி, இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் திரைக்கு அந்தப்புறம் யாருடைய காலோ.
தூக்க மருந்து வேண்டாமென்றேன்.
ரம்பச் சத்தம் கேட்டது.
பிறகு சுத்தியல்.
புதுக் கிண்ணத்தை இறக்குகிறார்கள்.
டொக். டொக். மந்தமாக.
டொக்.
அடுத்த அடியில் சுருதி மாறியது,
கூர்மையாக, மணிபோல.
பேரிங்கை வீட்டில் இறக்கும்போது
என் வாழ்நாளெல்லாம் காத்து நின்ற அதே சத்தம்.
"உட்கார்ந்துவிட்டது" என்றேன், சத்தமாகவே.
திரைக்குப் பின்னால் கைகள் நின்றன.
யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.
கவுப்போ மட்டும் சிரிக்காமல்,
"எனக்கும் அப்படித்தான் கேட்டது" என்றார்.

ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது வெட்டிய கால் முதலில்.
ஆறு வாரம் தாழ்ந்த நாற்காலி கூடாது,
கால்மேல் கால் கூடாது.
தழும்பு மழைக்கு முன்னால் இழுக்கிறது.
இடது பிறை இன்னும் இருக்கிறது,
கொஞ்சம் மெலிந்து.
நேற்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
வலது சாக்ஸை நானே போட்டேன்.
குதிகால் பகுதி மேலே திரும்பிவிட்டது.
கழற்றி மறுபடி போட்டேன்,
தேவைக்கு அதிகமாக இன்னொரு தடவையும்.

தைலம் பாதி டப்பா மிச்சம்.
சமையலறைக் கதவின் கீலுக்குப் பூசினேன்.
வீடெல்லாம் கற்பூரம்.
கதவு அப்படியேதான் கிரீச்சிடுகிறது.
நிலையைப் பார்க்க வேண்டும்.