ரெண்டடி இருக்கும்

சின்னத்துரையின் விளக்கக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது.
மூன்றாம் பந்தி, கடைசி வரி:
செக்றோலைச் சுருட்டித்
தோளில் ஒரு வேக் கொடுத்தேன், விளையாட்டாக.

ஹட்டன் தொழில் நியாயசபையில்
பதினொரு வருடமாக உரைபெயர்ப்பாளர் நான்.
மின்விசிறி தேவைப்படாத ஊர்.
அன்று எனக்கு வியர்த்தது.

அடி என்றால் கனம் கூடிவிடும்.
தட்டு என்றால் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் ஆகிவிடும்.
சாத்து, மொத்து, வெளு
எல்லாம் லயத்துச் சொற்கள்;
பங்களாவிலிருந்து இறங்கி வந்த சொல்லுக்கு
அளவெடுத்துத் தைத்தவை அல்ல.

தேநீர் இடைவேளையில் அகராதியைத் திறந்தேன்.
வேக்: ஓசையெழ அடிப்பது.
வேக்: பங்கு, அவரவர்க்கு வர வேண்டியது.
வேக்: ஒரு முயற்சி, ஒரு கை பார்ப்பது.
முழு வேக் என்றால் முழு விலை, முழுச் சம்பளம்.
வேக்கை விட்டு வெளியே போனால்
பழுதான இயந்திரம், கோணிய தராசு.

தவமலரின் முறைப்பாடும் அதுதான்:
தராசு கோணல்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து பதினாலாய் விழுந்தது,
அரைப்பேர் போட்டார்கள்,
ஒரு கை பார்ப்போம் என்று கேட்கப் போனாள்.
தோள்.

ஆங்கிலம் தெரியாத அந்தப் பெண்
அகராதியின் பக்கத்தை அநேகமாக முடித்துவிட்டாள்.
முழுச் சம்பளம் என்ற வரியை மட்டும்
இன்னும் பார்க்கவில்லை.

நம் சொல் மட்டும் லேசா?
"மருந்தடிக்கிற மலைக்கு மேல நின்டேங்க,
வெயிலடிச்ச நேரம்,
மடுவத்துல மணியடிச்சாங்க,
அவரு அடிச்சாரு."
நான்கு அடிக்கும் நான்கு சொல் தேடினேன்.
நான்காவதற்குத் துரையின் வேக்கையே திருப்பிக் கொடுத்தேன்.
கம்பெனி வக்கீலுக்குப் பிடித்திருந்தது.

எத்தனை என்று கேட்டார் அவர்.
எத்தனை அடி என்று கேட்டேன் நான்.
"ரெண்டடி இருக்கும்" என்றாள், யோசிக்காமல்.
இரண்டு, என்றேன்.
தட்டச்சுக்காரர் இரண்டு என்று அடித்தார்.

அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன்.
தனக்கும் எதிர் நாற்காலிக்கும் நடுவே
காற்றில் எதையோ அளந்துகொண்டிருந்தது.
அவர் நின்ற தூரம்.

எழுந்து திருத்தியிருக்கலாம். வாய்கூடத் திறந்தது.
ஒன்று என்றால்
விளையாட்டு என்பார்கள்.
மூடிக்கொண்டேன்.
பதிவில் இருக்கும் இரண்டில் ஒன்று
நான் கொடுத்தது.

பஸ் நிலையத்தில் பின்னாலேயே வந்தாள்.
"மிஸ், தொர எழுதுன அந்த வார்த்தை என்னா?"
சொன்னேன்.
வாய்க்குள் போட்டு உருட்டினாள்,
உள்ளங்கையில் முஷ்டியால் ஒருமுறை குத்திப் பார்த்தாள்.
"சத்தம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

நோர்வூட் பஸ் நகரத் தொடங்கியிருந்தது.
பத்து மாதமாகியும்
இடக்கையால்தான் கம்பியைப் பிடித்து ஏறினாள்.