கால் அளவு

அலுவலகத்தில் வசூல் மூவாயிரத்து இருநூறு.
ஜெபமணி கொடுத்த ஐம்பதில் ஒரு மூலை இல்லை.
பட்டியலும் என்னிடம், பணப்பையும் என்னிடம்,
பூங்கோதை கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

வெள்ளி விளக்கு என்றார் சூப்பிரண்டென்ட்.
செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கடையாம்,
சேதாரம் போடமாட்டார்களாம்.
டின்னர் செட் என்றாள் இருசாயி.
அவள் கல்யாணத்துக்கு வந்த மூன்று
பிரிக்காமல் பரண்மேல் கிடக்கின்றன.
அதில் ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறாளோ
என்று எனக்குச் சந்தேகம்.

திங்கட்கிழமைகளில்
புடவைக் கரையில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருகிறவள் அவள்.
ரீடிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
காட்டெருமைக் குளம்பை அளவோடு வரைந்து வைத்திருப்பவள்.
அலுவலகச் சுற்றுலாவில் அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டு
இருபது கொண்டை ஊசிகளையும் எங்களுக்கே விட்டுவிட்டு
ஒற்றையடிப் பாதையில் ஏறியவள்.
நாங்கள் வாந்தியெடுத்து, முகம் கழுவி,
இரண்டாவது டீக்குச் சில்லறை தேடுகையில்
முந்தானையில் காட்டுநெல்லியோடு வந்து நின்றாள்.
கணுக்காலில் அட்டை.
சூப்பிரண்டென்ட் பதறினார்.
"பசிச்சிருக்கும் சார்" என்றாள்.

இவளுக்கு வெள்ளி விளக்கா?

லீ பஜார் பக்கம்
கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்குப் போனேன்.
மழைக்கோட்டு இரண்டு எடுத்து வைத்தேன்.
கம்பூட் இரண்டு ஜோடி கேட்டேன்.
"எஸ்டேட்டுக்கா?"
"கல்யாணத்துக்கு."
கடைக்காரர் கால்குலேட்டரைக் கீழே வைத்தார்.

அவள் அளவு எனக்குத் தெரியும்.
ஆயுத பூஜையன்று செருப்பு மாறி
நாலு ரோடு வரைக்கும்
பரிசலில் போவதுபோலப் போயிருக்கிறேன்.
"எட்டு" என்றேன்.
"சரி, மாப்பிள்ளைக்கு எட்டு. பொண்ணுக்கு?"
"பொண்ணுக்குத்தான் எட்டு."
"அப்ப மாப்பிள்ளைக்கு?"

போன் போட்டேன். எதற்கென்று சொல்லவில்லை.
அவளுக்கும் தெரியவில்லை.
அவர் நட்சத்திரம் தெரியும், குலதெய்வம் தெரியும்,
ஜாகீர் அம்மாபாளையத்து வாட்டர் ஃபில்டர் கடையின் மேல்
எவ்வளவு கடன் என்று தெரியும்,
அவருடைய அத்தைக்குப் பித்தப்பை எடுத்த ஆஸ்பத்திரிகூடத் தெரியும்.
"கால் பாக்கலியேக்கா.
இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கடைக்காரர் ஸ்டூல் போட்டார்.
டீ வந்தது. ஆறியது.
ஒரு கால் அளவு கேட்க
நாற்பது நிமிடமா?

கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.
"ஏழுக்கா. வலது கால் மட்டும் கொஞ்சம் பெருசாம்.
மூணாவது படிக்கையில உரல் விழுந்துச்சாம்,
வீட்ல சொல்லாம ஒரு வாரம் நடந்தாராம்.
எதுக்கு அளவுன்னு கேட்டார். தெரியலேன்னேன்.
நடக்கவான்னார்.
அக்கா, அவர் மலைக்கே போனதில்லையாம்.
பொறந்ததிலேர்ந்து முப்பத்தோரு வருஷம்
மொட்டைமாடியிலேர்ந்து பாத்ததோட சரியாம்.
கூட்டிட்டுப் போவீங்களான்னு கேட்டார்.
என்னைக் கேட்டார்க்கா."

கடைக்காரர் ஏழையும் எட்டையும்
ஒரே பெட்டியில் தலைமாற்றி அடுக்கினார்.

ரப்பரில் எங்கே பெயர் பொறிப்பது என்று
சூப்பிரண்டென்டுக்கு வருத்தம்.
இருபத்திரண்டு பெயரையும்
பூட்ஸின் உள்பக்கம் மார்க்கரில் எழுதினோம்.
இருசாயி பெயர் இடது குதிகாலுக்குக் கீழே விழுந்தது.
இன்னும் என்னோடு பேசவில்லை.
மீதிச் சில்லறைக்கு
அட்டைக்குப் போட ஒரு கிலோ கல்லுப்பு.
"உப்பு மங்கலம்தான்" என்று
சூப்பிரண்டென்ட் ஒருவழியாகச் சமாதானமானார்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது ஞாயிறு
மலைமேல் மழை.
திங்கட்கிழமை அவள் லீவு.
ஃபில்டர் வாங்கப் போன ஜெபமணி
மதியம் வெறுங்கையோடு திரும்பினார்.
கடையும் பூட்டியிருந்ததாம்,
இப்படி வியாபாரம் செய்தால்
கடன் எப்போது அடைவது என்றார்.