இரண்டு கட்டங்கள்

தாளின் இடப்பக்கம் தொனி. சொல்பவருடையது.
வலப்பக்கம் மனநிலை. கேட்பவர் மேல் படிவது.
நடுவில் ஒரு கோடு.
வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

நாவலில் ஒரு நகரம். அங்கே
மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி தொண்டையைக் கனைக்கும்:
"அன்பான குடிமக்களே, இன்று
பதினான்கு பேர் ஓய்வு பெறுகிறார்கள்.
அவர்களுடைய நாற்காலிகளை
நாளைக்குள் திருப்பித் தந்துவிடுங்கள். நன்றி."
கதை சொல்கிறவளுக்குப் பதினாறு,
என் வயது.
அண்ணனின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
நான்கு மாடி இறங்குகிறாள்.
அழுதாள் என்று ஒரு வரிகூட இல்லை.
படிகளை எண்ணுகிறாள், அவ்வளவுதான்.

தொனி: மரியாதை, என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் காலியாகவே கிடந்தது.
'பயம்' எழுதி அழித்தேன்.
'சோகம்' எழுதினேன். அது ரெனேயின் விடை,
அவன் எல்லா நாவலுக்கும் அதைத்தான் எழுதுவான்.

மேய்ன் மாநிலத்தின் வடக்கு. மார்ச்.
ஆற்றோரம் இன்னும் பனி, அழுக்குப் பனி.
காகித ஆலை ஓடியவரை ஊரே
வெந்த முட்டைக்கோஸாக நாறும்.
"சம்பள வாசனை" என்பார் அப்பா.
மூன்று வாரமாகக் காற்றில் ஒன்றும் இல்லை.
சுத்தமான காற்றை யாரும் பாராட்டவில்லை.

என் புத்தகத்துக்கு அடியில்
ஆலையிலிருந்து வந்த கடிதம்,
'அன்புள்ள' மேல் காபி வளையம்.

"அன்புள்ள திபோடோ குடும்பத்தாருக்கு,
புதிய பயணமொன்றின் வாசலில்
உங்களோடு நிற்பதில் பெருமைகொள்கிறோம்.
அடையாள அட்டையையும் அலமாரிச் சாவியையும்
முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஒப்படைக்கவும். நன்றி."

இரண்டு முறை படித்தேன்.
எது நாவல் என்று ஒரு கணம் தடுமாறிவிட்டது.

வெளியே, அப்பா வண்டிக்குள் இருக்கிறார்.
எங்கும் போகவில்லை.
இன்ஜின் ஓடுகிறது, முன்விளக்கு
கொட்டகைக் கதவில் இரண்டு வட்டம் போட்டபடி
இருபது நிமிடமாக.
அம்மா கழுவிய தட்டையே கழுவுகிறாள்.
"டீசல் தீர்ந்துபோகாதா?" என்கிறான் லூக்.
யாரும் அவனை அதட்டவில்லை.
அதட்டியிருக்கலாம்.

ஓடுகிற வண்டி, நகராத வண்டி
என்று வலது கட்டத்தில் எழுதினேன்.
ஒரே சொல்லில் விடை கேட்டிருந்தார்கள்.
இருக்கட்டும்.
கீழே, ஆதாரம் எந்தப் பக்கம் என்று
நகம் அளவுக்கு ஓர் இடம்.
எண்பத்தெட்டு என்று போட்டேன்.
அவள் படி இறங்கும் பக்கம்.

விளக்கு அணைந்தது. வண்டிக் கதவு சாத்தியது.
சரளைக் கல்லில் பூட்ஸ்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது
ஐந்தாவது அடியில்தான் எனக்கே தெரிந்தது.
ஆறு, ஏழு, எட்டு,
ஒன்பது.

எங்கள் வாசலுக்குப் பன்னிரண்டு.