எடெல்மீராவின் வெள்ளை

சிலோயே தீவில் வருடத்தின் முக்கால்வாசி மழை.
மரச்செதில் சுவர்கள் எதைப் பூசினாலும் குடித்துவிடும்.
ஆகவே காஸ்த்ரோவின் இரும்புக்கடையில்
முப்பத்தொரு வருடமாக
எடெல்மீரா பார்ரீயாவுக்குக் கை ஓய்ந்ததில்லை.
டின்னைத் திறப்பாள், சாயம் சொட்டுவாள், கலக்குவாள்,
ஜன்னலோரம் தூக்கிப் பார்ப்பாள்.

புரை, இரண்டு கண்ணிலும், என்றார் மருத்துவர்.

மேலே ஏடு படர்ந்திருக்கிறது,
ஆறிய பாலில் ஸ்பூனை ஓட்டுவதுபோல்
வழித்தெடுத்துவிடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.
"மேலே ஒன்றுமில்லை, சென்யோரா.
கண்மணிக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறது.
பிறந்தபோது தண்ணீர் மாதிரி இருந்திருக்கும்.
இப்போது பழுத்துவிட்டது.
உடைத்து, உறிஞ்சி எடுத்துவிடுவோம்."
உறிஞ்சி என்ற சொல்
படகுத்துறை வரை அவளோடு நடந்து வந்தது.

என் மொழியில் புரை என்றால் குற்றம் என்றும் பொருள்.
அதை அவளிடம் சொல்லுமளவுக்கு
என் ஸ்பானிஷ் போதாது.

புவெர்த்தோ மோன்ட் மருத்துவமனை.
எரியும் சொட்டு மருந்து, மூன்று தடவை.
முகம் மூடிய துணியில் ஓர் ஓட்டை,
ஓட்டையில் வலது கண்.
மயக்கமெல்லாம் கிடையாது.
கத்தியைப் பார்த்துவிடுவோமோ என்பதுதான் பயம்.
பார்க்கவில்லை.
மூன்று விளக்குகள் தண்ணீருக்கடியில் நீந்தின,
எங்கோ பக்கத்து வீட்டில் தைப்பதுபோல் ஓர் இரைச்சல்.
இருமல் வந்தால் முதலில் என் விரலை அழுத்துங்கள்
என்று சொல்லியிருந்தாள் செவிலி.
இருமல் வரவில்லை, சிரிப்பு வந்தது.
அழுத்தினாள். எல்லாரும் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

சுருட்டி நுழைத்த புது வில்லை
உள்ளே போய்த் தானாக விரிந்துகொண்டதாம்.
மொத்தம் பதினெட்டு நிமிடம்.

ஊர் திரும்பிய அன்று
நோல்பெர்த்தோவின் வீடு நீலமாக நின்றது.

அது வெள்ளை. அவள் கலந்த வெள்ளை.
பள்ளிக்கூட வேலி, மீன் கூட்டுறவின் கதவு,
விதவை ஓரியானாவின் மாடிப்படி,
எல்லாம் தண்ணீர் விட்ட பாலின் நீலம்.
வலக்கண்ணை மூடினாள்: வெள்ளை.
இடக்கண்ணை மூடினாள்: நீலம்.
மறுபடி வலது, மறுபடி இடது.
எதிரே வந்த ரொட்டிக்கடைக்காரர்
யோசித்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார்.

வில்லை மஞ்சளாகப் பழுக்கப் பழுக்க
டின்னில் தெரிந்த மஞ்சளைக் கொல்ல
அவள் ஒரு சொட்டு நீலம் கூட்டியிருக்கிறாள்,
அடுத்த வருடம் இன்னொன்று.
தப்பு எங்கே என்று அவளுக்கு எப்படித் தெரியும்,
பார்ப்பதே தப்பின் வழியாக எனும்போது?

"ஏனப்பா, ஒருத்தரும் சொல்லவில்லை?"
நோல்பெர்த்தோ தாடையைச் சொறிந்தான்.
"புது மோஸ்தர் என்று நினைத்தோம்.
அப்புறம் பழகிவிட்டது.
மழையில் அழுக்குத் தெரிவதில்லை.
அங்குத் ஊரில் வீடு கட்டும் என் மகனும்
எடெல்மீராவின் வெள்ளைதான் வேண்டுமென்கிறான்.
வேறெங்கும் கிடைப்பதில்லை."

இடக்கண்ணுக்குத் தேதி ஐந்து வாரம் தள்ளி.
அதுவரை வலக்கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு
பழைய கண்ணால் கலந்தாள்.
சரி என்று அந்தக் கண் சொன்னதும்
சொட்டுகளை பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினாள்:
நாலு லிட்டருக்கு ஒன்பது.
மறுநாள் பதினொன்று வந்தது.
மேகமாக இருந்ததால் இருக்கலாம்.
ஒன்பதை அடிக்கவுமில்லை.

புதன்கிழமை செவிலி தொலைபேசியில் அழைத்தாள்.
நாளைக் காலை ஏழு மணி. நகப்பூச்சு வேண்டாம்.
சரி, என்றாள் எடெல்மீரா. பிறகு,
"எடுக்கிற வில்லையை என்னிடம் தருவீர்களா?"
"அது கூழாகிவிடுமே, சென்யோரா. எதற்கு?"

சும்மாதான், என்று வைத்துவிட்டு
கைக்குட்டையை இறுக்கிக் கட்டினாள்.
கடை மூட இன்னும் ஒரு மணி நேரம்.
அங்குத் வீட்டுக்கு ஆறு டின் பாக்கி.