இருமல் பாணியின் மூடி

கொழும்பிலிருந்து திரும்பிய இரவு ரயிலில்
வயிற்றில் ஐந்து சின்னக் காயங்கள்,
கைப்பையில் இருமல் பாணிப் போத்தலின்
பிளாஸ்ரிக் மூடி.
முப்பது மில்லிலீற்றர்.
இனி இதுதான் என் சோற்றுப் பானை.

ஏழுக்கு ஒரு மூடி தண்ணீர்.
ஏழேகாலுக்கு இன்னொன்று.
ஏழரைக்குக் கோழி அவித்த தெளிவு.
போனில் அலாரம் அடிக்கிறபோதெல்லாம்
பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கியது.
சண்டிலிப்பாயில் அதற்கு மட்டும் தெரியும்
எனக்கு என்ன நடந்ததென்று.

ஐந்தாம் கிழமை முட்டை.
அவித்து, மசித்து,
மகள் குழந்தையில் வைத்திருந்த கரண்டியால்.
பதினாறு வயதுக்காரி எதிரே இருந்து கேட்டாள்:
"காகம் குருவி காட்டோணுமோ அம்மா?"
சிரித்தேன்.
அரை முட்டையில் நெஞ்சு அடைத்தது.

பசி வருவதில்லை.
இதை டொக்டர் சொன்னவர்தான், எனக்கு விளங்கவில்லை.
நாற்பத்துமூன்று வருஷம்
கதவைத் தட்டாமலே உள்ளே வந்து இருந்தவள்
சொல்லாமல் வீடு மாறிப் போய்விட்டாள்.
செருப்பை மட்டும் விட்டுவிட்டு:
புட்டு அவியும் மணம்,
மத்தியானம் கந்தோரில்
வதனமலர் பார்சலைப் பிரிக்க
வாழையிலையில் வியர்த்திருக்கும் கணவாய்க் கறி.
வயிறு கேட்கவில்லை.
கை கேட்கிறது.

கோண்டாவில் கலியாணத்தில்
பாயாசம் மூன்று வாய் குடித்தேன், மூன்றுதான்.
இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்து
வேர்த்து விறுவிறுத்து
மண்டபத்துக் கழிப்பறையில்
பட்டுச் சேலையோடு குந்தியிருந்தேன்.
வெளியே கண்ணாடிக்கு முன்னால் மச்சாளின் குரல்:
"சீனி வருத்தம் போல. மறைக்கிறா."
மற்றவள் குரலைத் தாழ்த்தினாள்:
"சீனியில்லையாம். மற்றதாம்."
குழாயைத் திறந்துவிட்டேன்,
அந்த வருத்தம் என்னவென்று
எனக்கும் கேட்காமல் போகட்டும்.

தொண்ணூற்றைந்தில் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில்
ஒரு வகுப்பறை, நான்கு குடும்பம்,
ஒரு சட்டி சோறும் பருப்பும்.
கெதியாய்ச் சாப்பிட்டவருக்கு இரண்டாம் கை உண்டு.
நான் கெதி.
பிறகு சோறு இருந்தது, மீன் இருந்தது, சம்பளம் இருந்தது,
அந்தக் கெதி மட்டும் ஊர் திரும்பவில்லை.
அதை இறக்கிவைக்க
ரொறன்ரோத் தங்கச்சியின் காசும்
ஒரு மயக்க ஊசியும் தேவைப்பட்டது.
இப்போது ஒரு வாய்க்கு இருபத்தைந்து தரம் மெல்லுகிறேன்.
பதினெட்டில் ருசி திரும்புகிறது.
விளைமீன் இவ்வளவு இனிப்பாம்.
இத்தனை காலமும் நான் அதை
விழுங்கியிருக்கிறேன், சாப்பிடவில்லை.

சீப்பு நிறைய மயிர்.
மோதிரத்துக்கு நூல் சுற்றியாயிற்று.
மேற்கையில் தொங்கும் தோல்
யாரோ கழற்றப் பாதியில் விட்ட சட்டை.

இவர் குசினிக்குள் நின்றபடி
முதுகைக் காட்டிச் சாப்பிடுகிறார்,
களவெடுத்த பிள்ளை மாதிரி,
அப்பளத்தைக்கூட ஊறவைத்து,
சத்தம் வராமல்.
ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்:
"வெளியில வந்து கதிரையில இருங்கோ.
அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிடுங்கோ.
எனக்குக் கேட்கோணும்."
வந்து இருந்தார்.
நொறுக்கினார்.
இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

முன்பெல்லாம் மினிபஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை காலியாய் வரும்.
"பரவாயில்லை அக்கா, கிட்டத்தான் இறங்குறன்" என்று
காரைநகர் வரைக்கும் நின்றுகொண்டு போவார்கள்.

நேற்று ஒரு பெட்டை,
வெள்ளை உடுப்பு, தாதி படிக்கிறவளாக்கும்,
கேளாமல் வந்து இருந்தாள்.
ஆனைக்கோட்டைக்கு முன்னமே நித்திரை.
தலை சரிந்து சரிந்து
என் தோளுக்கு வந்து சேர்ந்தது.
மானிப்பாயில் பஸ் குலுங்க
கன்னத்தைத் தடவிக்கொண்டு எழும்பினாள்:
"சொறி அக்கா. உங்கட எலும்பு குத்துது."

எனக்கு எலும்பு.
எட்டித் தொட்டுப் பார்த்தேன், உண்மைதான்,
கதவுக் கொண்டி மாதிரி ஒன்று.
"மற்றத் தோளும் உப்பிடித்தான் பிள்ளை,
பரவாயில்லை, படும்" என்றேன்.
பைக்குள் அலாரம் அடிக்கத் தொடங்கியது.
அடிக்கட்டும் என்று
அசையாமல் இருந்தேன்.