மூச்சு விடலாம்

ஐம்பதில் ஒன்று ஓடுகிறது. நூறில் ஒன்றும்.
இருபத்தைந்து, போனால் போகிறது என்று ஓடுகிறது.
பத்துக்குக் கீழே வந்தால்தான்
சவம், பாதி வழியில் நின்றுவிடுகிறது.
ஆகவே பெரிய ஸ்பிரிங்கில் குறையில்லை.
மெதுவாகப் போ என்று சொல்லும்
அந்தச் சின்னப் பல்சக்கரங்களில்தான் ஏதோ.

இவ்வளவும் இப்போது தெரிகிறது.
முட்டத்தில், பாறைமேல், தெரியவில்லை.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் எனக்கு எக்ஸ்ரே அறை.
ஒரு நாளைக்கு அறுபது எழுபது நெஞ்சு.
மூச்சை இழுங்க. அடக்குங்க.
பொத்தான்.
விடுங்க.
பதினோரு வருடமாக இதைச் சொல்லித்தான் சம்பளம்.
ஃபிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது
காலாவதியான இரண்டு பெட்டி மிச்சம்;
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
சிவப்பு விளக்கில் வெட்டி
மரப்பெட்டிக் கேமராவின் அளவுக்கு ஆக்கினேன்.
எலும்பு பார்க்கப் பிறந்த ஃபிலிம்
முகம் பார்க்கட்டுமே.

சூசைமிக்கேல் அண்ணன் வள்ளத்து எஞ்சின் பழுது பார்ப்பவர்.
ஸ்பேனரை மடியில் வைத்து உட்கார்ந்தார்.
கறுப்புத் துணிக்குள் அவர் தலைகீழாய்த் தொங்கினார்,
அவருக்கும் கீழே வானம்.
துளையைச் சுருக்கினேன். ஒரு செகண்ட் வைத்தேன்.
பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது:
மூச்சை இழுங்க. அடக்குங்க.

கேபிளை அழுத்தினேன்.
ஸ்ஸ்ர்ர் என்று தொடங்கிய சத்தம்
முடியவில்லை.
ஐந்து இதழும் விரிந்தபடியே நின்றன.
சத்தம் முடிந்தால்தான் எனக்கு அடுத்த வார்த்தை வரும்.
வரவில்லை.
நான் சொல்லவில்லை, அவர் விடவில்லை.
ஓர் அலை வந்து பாறையில் அடித்துப் போனது.
இன்னொன்று.
சிப்பிக்கு முங்கிப் பழகிய நெஞ்சு,
கழுத்து நரம்பு மட்டும் கயிறாய்ப் புடைத்தது.
மூன்றாவது அலையில்தான் எனக்கு உறைத்தது.
'விடுங்க அண்ணே, விடுங்க!'

'கொல்லப் பாத்தியாம்மா?' என்றார், இருமி முடித்து.
பிறகு லென்ஸைக் கையில் வாங்கி
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.
'எண்ணெ விட்டியோ?'
விட்டிருந்தேன். போன மழைக்கு,
தையல் மெஷின் எண்ணெய், இரண்டு சொட்டு.
'அப்பம் அதாக்கும். உப்புக்காத்துல அது பசையாப் போவும்.'

ராத்திரி பதினொன்று.
முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் கழன்று
பழைய பட்டு ரவிக்கைத் துணியில் கிடக்கின்றன.
இட்லித் தட்டின் குழிகளில்
கழற்றிய வரிசைப்படி திருகுகள்.
லைட்டர் பெட்ரோலைத் தூரிகையில் தொட்டு விட்டால்
கருப்பட்டிப் பாகு நிறத்தில் கரைந்து வருகிறது
என் இரண்டு சொட்டு.
ஈரத்தில் அற்புதமாய் ஓடியது.
சந்தோஷப்பட்டுக் காப்பி போட்டு வந்தேன்.
காய்ந்ததும் நின்றது.

மறுபடி விட்டேன். மறுபடி ஓடி, மறுபடி நின்றது.
மூன்றாம் தடவை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது
கடைசிச் சக்கரத்தின் பல்லிடுக்கில்
ஒரே ஒரு மணல், கறுப்பு.
மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒருநாள்
லென்ஸைத் துவர்த்தின்மேல் வைத்தது ஞாபகம் வந்தது.
எண்ணெயைத் திட்டியது பாதி அநியாயம்.
ஊசிமுனையில் அது ஒட்டி வந்தது.

ஒரு செகண்ட் இப்போது ஒரு செகண்ட்.
போன் வீடியோவில் எண்ணினால் கொஞ்சம் கூடுதல்;
ரிப்போர்ட்டில் நார்மல் என்றே எழுதலாம்.
இருபது தடவை அழுத்தியிருப்பேன்.
ஒவ்வொன்றுக்கும்
நானே மூச்சைப் பிடித்திருந்தது தெரிந்ததும்
ஜன்னலைத் திறந்தேன்.

அந்த ஃபிலிமைக் கழுவிப் பார்த்தாயிற்று.
ஆஸ்பத்திரி விளக்குப் பெட்டியில் மாட்டினேன்:
கடல் முழுக்க ஒரே கறுப்பு,
ஸ்பேனர் அத்தனை துல்லியம், முகமும்கூட;
நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும்
கலங்கிய ஒரு புகை.
வராந்தாவில் போன டாக்டர் எட்டிப் பார்த்து
'யாரு பேஷண்ட்?' என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறாராம் அண்ணன்.
'ஆனா மூச்ச நானாக்கும் எண்ணுவேன்.'
அரை செகண்டை இன்னும் சோதிக்கவில்லை.
விடியற்காலை பார்க்க வேண்டும்,
காற்று நனைந்திருக்கும்போது.